உறுப்பு மாற்றுக்குப் பின் நெறி கட்டினால்: பி.டி.எல்.டி. பற்றி நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்ட ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டுகிறது. மாலையானால் காய்ச்சல் அடிக்கிறது, உடம்பு இளைக்கிறது. நம் ஊரில் இதைக் கேட்டதும் முதலில் வாயில் வருவது டி.பி. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு அச்சு அசலாக இதே அறிகுறிகளோடு இன்னொரு நோயும் வரும். மாற்றுக்குப் பின் வரும் நிணநீர்ப் புற்றுநோய் அது. மருத்துவர்கள் அதைப் பி.டி.எல்.டி. என்பார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றில் நேரத்தைத் தின்றுவிடும், சில சமயம் மாற்றிய உறுப்பையும் பறித்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கட்டியிலிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல், மாதக்கணக்கில் ஓடும் எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்டாதீர்கள்.

ஏன் வருகிறது

எப்ஸ்டைன்-பார் வைரஸ், சுருக்கமாக இ.பி.வி., உலகில் பத்துப் பெரியவர்களில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. 1964-இல் எப்ஸ்டைன், அச்சாங், பார் மூவரும் இதைக் கண்டுபிடித்ததே ஒரு நிணநீர்ப் புற்றுநோயின் அணுக்களில்தான். எச்சில் வழியாகப் பரவும் இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே சளி, காய்ச்சல்போல் வந்து போயிருக்கும். போன பிறகும் பி அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்களுக்குள் ஆயுசுக்கும் ஒளிந்திருக்கும். அது தலையெடுக்காமல் பார்த்துக்கொள்பவை டி அணுக்கள்.

மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நாம் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலேட், அசத்தியோபிரின் எல்லாம் அந்த டி அணுக்களைத்தான் அடக்குகின்றன. காவலாளி அசந்தால் வைரஸ் புகுந்த பி அணுக்கள் பெருகும். முதலில் வெறும் வீக்கமாக இருப்பது, பெருகப் பெருக மரபணுப் பிழைகள் சேர்ந்து, முழுப் புற்றுநோயாக மாறக்கூடும்.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. சிறுநீரகம் மாற்றிய பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 பேருக்கு இது வரலாம். இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு அதைவிட அதிகம். குடல் மாற்றியவர்களில் நூற்றுக்கு 20 வரை போகும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட ஆபத்து கூடுதல். காலக்கணக்கும் உண்டு. முதல் ஆண்டில் ஓர் உச்சம், பிறகு தணிவு, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓர் ஏற்றம். பின்னால் வருபவற்றில் கணிசமானவற்றுக்கு இ.பி.வி. தொடர்பே இருக்காது. ஆகவே "மாற்று செய்து 10 வருஷம் ஆச்சு, இனி பயமில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது.

முதல் படி: அறுவைக்கு முன்பே கேட்க வேண்டியது

உறுப்பு பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும் இ.பி.வி. ஐ.ஜி.ஜி. எதிரணு (வைரஸ் முன்பே உடம்பில் புகுந்ததைக் காட்டும் ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்களா? முடிவு என்ன? இரண்டையும் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கொடுப்பவருக்குப் பாசிட்டிவ், பெறுபவருக்கு நெகட்டிவ் என்றால்தான் ஆபத்து மிக அதிகம். உறுப்போடு வைரஸும் வருகிறது, ஆனால் பெறுபவரின் டி அணுக்கள் அதை முன்பின் பார்த்ததில்லை. குழந்தைகளுக்குப் பெற்றோர் உறுப்பு கொடுக்கும்போது அடிக்கடி அமைவது இந்த ஜோடிதான்.

இந்தப் பரிசோதனையில் இரண்டு தவறுகள் நடக்கும். இரத்தம் ஏற்றிய பிறகு மாதிரி எடுத்தால், ஏற்றிய இரத்தத்தில் இருந்த எதிரணு பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிரணு அப்படிக் காட்டலாம். இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையின் பாசிட்டிவை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். இ.பி.வி. நெகட்டிவ் ஆனவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் பெலட்டாசெப்ட் என்ற மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று அதன் உறையிலேயே எச்சரிக்கை இருக்கிறது, காரணம் இந்த நோய்தான்.

இரண்டாம் படி: ஆபத்து அதிகமுள்ளவர்களைக் கண்காணிப்பது

பாசிட்டிவ்–நெகட்டிவ் ஜோடி என்றால் இரத்தத்தில் இ.பி.வி. டி.என்.ஏ. அளவை பி.சி.ஆர். மூலம் தொடர்ந்து பார்க்க வேண்டும். பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் சிறுநீரக மாற்று நெறிமுறை சொல்லும் அட்டவணை இது: அறுவை முடிந்த முதல் வாரத்தில் ஒரு தடவை, பிறகு 3 முதல் 6 மாதம் வரை குறைந்தது மாதம் ஒரு தடவை, அதன்பின் முதல் ஆண்டு முடியும்வரை 3 மாதத்துக்கு ஒரு தடவை. நடுவில் நிராகரிப்புக்கு வீரியமான சிகிச்சை கொடுக்க நேர்ந்தால், அதன் பிறகு கூடுதலாக ஒரு தடவை.

பணத்தைக் கருதி ஒரு மாதம் ஒரு ஆய்வகம், மறுமாதம் இன்னொன்று என்று மாற்றாதீர்கள். முழு இரத்தத்தில் பார்த்த எண்ணும் பிளாஸ்மாவில் பார்த்த எண்ணும் ஒன்றல்ல. ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி என்று வைத்துக்கொண்டால்தான் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். தனியாக நிற்கும் ஒரு எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். சிறு ஏற்ற இறக்கம் இயல்பு. ஏறக்குறைய மூன்று மடங்குக்கு மேல் கூடினால்தான் உண்மையான ஏற்றமாக எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து ஏறினால் மருத்துவர் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பார். எண் குறைவாக இருப்பதால் பி.டி.எல்.டி. இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. வைரஸ் தொடர்பில்லாத வகையில் அந்த எண் பூஜ்யமாகவே இருக்கலாம்.

வால்கேன்சிக்ளோவிர் சாப்பிட்டால் இது வராமல் தடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அந்த மருந்து வேலை செய்வது வைரஸ் பெருகும்போது. பி அணுவுக்குள் உறங்கும் வைரஸை அது தொடாது. சி.எம்.வி. என்ற வேறொரு வைரஸுக்காக அதை எழுதியிருந்தால் அதற்காகவே சாப்பிடுங்கள், இதற்கும் காவல் என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எதைக் கண்டால் சொல்ல வேண்டும்

இந்த நோய் நெறிகளில் மட்டும் வருவதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிணக்கணுக்களுக்கு வெளியே, அதாவது குடல், கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை, மூளை, சில சமயம் மாற்றிய உறுப்பிலேயே வருகிறது. அதனால் "கட்டி இல்லையே" என்று ஆறுதல் அடைய முடியாது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி, தொற்று எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் தொடர்ந்தால் சொல்லுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் இரண்டு வாரம் கடந்தும் கரையாத நெறி. இரவில் சட்டை நனையும் வியர்வை. காரணமில்லாத எடை இழப்பு. குழந்தை என்றால் புதிதாகக் குறட்டை, விழுங்கச் சிரமம், பெருத்த டான்சில். இதை "சளிதானே" என்று விடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

வயிறுதான் அதிகம் ஏமாற்றும். விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நிற்காத பேதி, கறுப்பு மலம், இரத்தசோகை. இவற்றை மைக்கோஃபினோலேட்டின் பக்கவிளைவு என்று எளிதில் தள்ளிவிடலாம், ஏனென்றால் அந்த மருந்தும் பேதி தரும். மருந்தை மாற்றியும் நிற்கவில்லை என்றால் எண்டோஸ்கோபி கேளுங்கள். குடலில் உள்ள கட்டி திடீரென ஓட்டை விழச் செய்யலாம், சிகிச்சை தொடங்கிக் கட்டி கரையும்போதும் இது நடக்கும். கடுமையான வலியோடு வயிறு கல்போல் இறுகினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு வயிறு இறுகாமலே உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம் என்பதால் வலி ஒன்றே போதும், புறப்பட்டுவிடுங்கள்.

புதிய தலைவலி, வலிப்பு, குணத்தில் மாற்றம், ஒரு பக்கம் பலவீனம் என்றால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. தேவை.

கிரியாட்டினின் ஏறினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நிராகரிப்பு. மாற்றிய சிறுநீரகத்துக்குள் பி.டி.எல்.டி. இருந்தாலும் அதே எண்தான் ஏறும். அதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டு பல்ஸும் (சில நாள் அதிக அளவில் ஏற்றும் ஸ்டீராய்டு) டி அணுக்களை அழிக்கும் ஏ.டி.ஜி. மருந்தும் கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும். சிறுநீரக பயாப்சியில் நிணவணுக்கள் மண்டியிருந்தால், பி அணுக்களைக் காட்டும் சி.டி.20, திசுவில் இ.பி.வி. இருப்பதைக் காட்டும் இபர் என்ற இரண்டு சாயச் சோதனைகளும் செய்தார்களா என்று கேளுங்கள். சாதாரண நிராகரிப்பில் மண்டுவது பெரும்பாலும் டி அணுக்கள், இங்கே பெரும்பாலும் பி அணுக்கள்.

நான்காம் படி: பயாப்சி

எல்லாமே இங்கேதான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. போதாது. அதில் கிடைப்பது சிதறிய அணுக்கள் மட்டும். இந்த நோயின் வகையைச் சொல்வது அணுக்கள் கணுவுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, கணுவின் கட்டமைப்பு அழிந்திருக்கிறதா என்பதுதான். கை எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு நெறியை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றின் ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுப்பார்கள். பல நெறிகள் இருந்தால், பெட் ஸ்கேனில் அதிகம் ஒளிரும் நெறியிலிருந்து எடுப்பது நல்லது. ஒரே ஆளுக்கு ஓர் இடத்தில் வெறும் வீக்கமும் இன்னோர் இடத்தில் முற்றிய புற்றும் இருக்கலாம்.

எடுத்த திசுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரிய பகுதி 10 சதவீத ஃபார்மலின் கரைசலில், திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு கரைசல் உள்ள வாயகன்ற குப்பியில். சிறிய பகுதி உப்புநீரில், டி.பி.க்கான ஜீன் எக்ஸ்பெர்ட்டுக்கும் கல்ச்சருக்கும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமிகள் செத்துவிடும், கல்ச்சர் வராது. மொத்தத்தையும் உப்புநீரில் போட்டால் திசு அழுகிப் புற்றுநோய்க்கான சாயங்கள் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தை அறுவை அரங்குக்குள் போவதற்கு முன்பே மருத்துவரிடம் நினைவூட்டிவிடுங்கள், வெளியே வந்த பிறகு சரிசெய்ய வழியில்லை. படிவத்தில் "உறுப்பு மாற்று நோயாளி, பி.டி.எல்.டி. சந்தேகம்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அது எழுதப்படாவிட்டால் இபர் சோதனை செய்ய வேண்டும் என்று நோயியல் மருத்துவருக்குத் தோன்றாமல் போகலாம்.

பயாப்சிக்கு முன் இரண்டு மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஒன்று, அதிக அளவு ஸ்டீராய்டு. அது கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, திசுவில் நோயே தெரியாமல் செய்துவிடும். மற்றொன்று, "பார்ப்போமே" என்று தொடங்கும் டி.பி. மருந்து. அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி டாக்ரோலிமஸை வேகமாகச் சிதைக்கும். சில நாட்களில் இரத்த அளவு சரிந்து நிராகரிப்பு வரலாம். டி.பி. உறுதியானாலும் உறுப்பு மாற்று மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. ரிஃபாபுட்டின் போன்ற மாற்று இருக்கிறது.

அறிக்கை வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த வகை: கணு அழியாத ஆரம்ப நிலையா, பலவகை அணுக்கள் கலந்த பாலிமார்ஃபிக்கா, ஒரே வகை அணு மண்டிய மோனோமார்ஃபிக்கா, ஹாட்ஜ்கின் வகையா. பெரியவர்களிடம் மோனோமார்ஃபிக் அதிகம், அதிலும் பெரிய பி அணு லிம்ஃபோமா. சி.டி.20 பாசிட்டிவா? இபர் பாசிட்டிவா? சி.டி.20 இருந்தால், பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து பலன் தரும். திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கலாம். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் அவைதான் தேவைப்படும், அச்சடித்த அறிக்கை மட்டும் போதாது.

ஐந்தாம் படி: சிகிச்சைக்கு முன் பார்ப்பவை

எல்.டி.எச். என்ற இரத்த நொதி, இரத்த அணுக்கள், யூரிக் அமிலம், கிரியாட்டினின், பெட் சி.டி., தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனை. பெட் ஸ்கேனுக்கு 6 மணி நேரம் வெறும் வயிறு. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சர்க்கரை 200-ஐத் தாண்டினால் படம் தெளிவாக வராது. பெட் ஸ்கேனுக்காக உடம்பில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்காது. அயோடின் சாயம் சேர்த்து எடுக்கும் ஸ்கேன்தான் கவலை, அது அவசியமா என்று கேட்டுவிடுங்கள். பெட் ஸ்கேனுக்கு ஏற்றிய அந்த மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால் இடுப்புப் பள்ளத்தில் இருக்கும் மாற்றுச் சிறுநீரகம் எப்படியும் ஒளிரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஹெபடைட்டிஸ் பி-க்கு எச்.பி.எஸ். ஆன்டிஜென், கோர் எதிரணு இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ரிட்டுக்ஸிமாப் பழைய ஹெபடைட்டிஸ் பி-யை எழுப்பி கல்லீரலைச் செயலிழக்க வைக்கலாம். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் போன்ற மாத்திரை, ரிட்டுக்ஸிமாப் முடிந்து குறைந்தது 12 மாதம் வரை தொடரும்.

ஆறாம் படி: எதிர்ப்பு அடக்கும் மருந்தைக் குறைப்பது

1984-இல் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் லான்செட் இதழில், இந்த மருந்துகளைக் குறைத்தாலே சிலருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அதுவரை உறுப்பு மாற்று உலகம் எதிர்பார்க்காத செய்தி அது. இன்றும் முதல் அடி அதுதான். வழக்கமாக மைக்கோஃபினோலேட் அல்லது அசத்தியோபிரினை நிறுத்தி, டாக்ரோலிமஸை ஏறத்தாழ பாதியாக்கி, ப்ரெட்னிசலோனைச் சிறிய அளவில் தொடர்வார்கள். 2 முதல் 4 வாரத்தில் பலன் தெரிய வேண்டும். வேகமாகப் பரவும் நோய்க்கு அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள்.

இதை நீங்களாகச் செய்யவே கூடாது. குறைக்கிற காலத்தில் கிரியாட்டினினை அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் நிராகரிப்பு அப்போதுதான் எட்டிப்பார்க்கும். சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் இருக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அப்படி ஒன்று இல்லை, அதனால் அங்கே குறைப்பது இன்னும் கவனமாக நடக்கும். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முந்தைய டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு விழுங்குங்கள். விழுங்கிவிட்டுக் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து, தேவைக்கு மேல் குறைத்துவிடுவார்கள்.

ஏழாம் படி: ரிட்டுக்ஸிமாப், தேவைப்பட்டால் கீமோ

ரிட்டுக்ஸிமாப் அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்றாக 4 வாரம். 60 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உள்ளவருக்குப் பரப்பு சுமார் 1.66, ஆக ஒரு தடவைக்கு ஏறத்தாழ 620 மி.கி. குப்பிகள் 100, 500 மி.கி. அளவில் கிடைக்கின்றன. வெளியே வாங்கித் தரச் சொன்னால் ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும், உறையக் கூடாது, குலுக்கக் கூடாது.

முதல் தடவை மணிக்கு 50 மி.கி. என்று மெல்லத் தொடங்கி அரைமணிக்கு ஒருமுறை கூட்டுவார்கள். ஆறு மணி நேரம்கூட ஆகும். குளிர் நடுக்கம், காய்ச்சல், இரத்த அழுத்தம் இறங்குவது முதல் தடவையில்தான் அதிகம். உடனே நர்ஸிடம் சொன்னால் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடர்வார்கள். அன்று காலை பிரஷர் மாத்திரை சாப்பிடலாமா என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவில் நடந்த பி.டி.எல்.டி.-1 என்ற ஆய்வில் நான்கு வார ரிட்டுக்ஸிமாபுக்கே சுமார் நான்கில் ஒருவருக்கு நோய் முழுதாக மறைந்தது. அவர்களுக்குக் கீமோ வேண்டியதில்லை, 3 வாரத்துக்கு ஒன்றாக இன்னும் 4 தடவை ரிட்டுக்ஸிமாப் போதும். மற்றவர்களுக்கு, ரிட்டுக்ஸிமாபோடு கீமோ மருந்துகள் சேர்ந்த ஆர்-சாப் என்ற கூட்டு மருந்து 21 நாளுக்கு ஒன்றாக 4 சுற்று. அதற்கு முன் இதய எக்கோ எடுப்பார்கள். ஆர்-சாப்பில் உள்ள சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவந்து போவது அதன் நிறம்தான், இரத்தம் அல்ல.

கட்டி வேகமாகக் கரைந்தால் யூரிக் அமிலம் ஏறும், அதற்கு அலோப்பூரினால் கொடுப்பார்கள். நோயாளி அசத்தியோபிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் சேர்வது ஆபத்து, எலும்பு மஜ்ஜை முடங்கிப்போகும். அசத்தியோபிரின் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்த பிறகே முதல் அலோப்பூரினால் மாத்திரை. பூஞ்சைக்கான வோரிகோனசோல், இட்ராகோனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றுவதோடு கீமோவிலுள்ள வின்கிறிஸ்டினின் நரம்புப் பாதிப்பையும் கூட்டும். புற்றுநோய் மருத்துவர், உறுப்பு மாற்று மருத்துவர் இருவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க வேண்டும். இருவேறு மருத்துவமனை என்றால் ஒரே நோட்டில் எல்லா மருந்தையும் எழுதி இரண்டு இடத்துக்கும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு. நுரையீரல் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோலை விட்டுவிடாதீர்கள்.

உறுப்பு கொடுத்தவரின் மனக்குறை

நம் நாட்டில் சிறுநீரகம் கொடுப்பவர் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ நெருங்கிய உறவினரோதான். "என் கிட்னியாலதான் வந்துச்சா?" என்று அவர்கள் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருப்பார்கள், வெளியே கேட்கவும் மாட்டார்கள். அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்: இந்தப் புற்று அணுக்கள் பெரும்பாலும் பெற்றவரின் சொந்த அணுக்களே. வைரஸ் உறுப்போடு வந்திருந்தாலும், அது கிட்டத்தட்ட எல்லா மனிதரிடமும் இருப்பது. கொடுத்தவருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

நோய் அடங்கிய பின்

குறைத்த மருந்தைப் பழைய அளவுக்குக் கூட்ட மாட்டார்கள், அதனால் உறுப்பின் மீதான கண்காணிப்பு நெருக்கமாகத் தொடரும். ரிட்டுக்ஸிமாப் முடிந்து ஆறு மாதம்வரை தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது, உயிருள்ள கிருமி கொண்டவை எப்போதுமே கூடாது.

சிகிச்சையின்போது சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் மறுபடி மாற்று செய்துகொள்ளலாம். நோய் அடங்கிக் குறைந்தது ஓர் ஆண்டு கடக்க வேண்டும், பல மையங்கள் அதற்கு மேலும் காத்திருக்கச் சொல்லும். அந்த இடைவெளியில் தேவையில்லாமல் இரத்தம் ஏற்றினால் புதிய எதிரணுக்கள் உருவாகி, பொருந்தும் உறுப்பு கிடைப்பது கடினமாகும். ஹீமோகுளோபின் குறைந்தால் முதலில் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்பும் போதுமா என்று கேளுங்கள். இரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளணு நீக்கிய இரத்தம் கேட்டு வாங்குங்கள்.